தெளிந்த நீரும் முதிர்ந்த நீரும்

நவி மும்பையில் நாம் வாழும் சான்பாடாவிற்கு மேற்கே தாணே உப்பங்கழி பரந்து கிடக்கிறது. ஓதம் வற்றும்போது அலையாத்தி மரங்களின் அடியில் கருஞ்சேறு தோன்றும். நீரும் கலங்கலாகவே இருக்கும். ஆயினும் அந்நீரில் மீன் வாழ்கிறது. நம் இல்லத்திலோ, கண்ணாடித் தொட்டி ஒன்றில் பளிங்கு போல் தெளிந்த உப்புநீரை நிரப்பினோம். மறுநாளே மீன் விடலாம் என்றார், தொட்டியை விற்றவர். கோமாளி மீன்கள் இரண்டை விட்டோம். ஐந்தாம் நாள் காலையில் இரண்டும் இறந்து மிதந்தன. குழந்தைகளுக்கு விடை சொல்ல நமக்கு நாவெழவில்லை.

சேற்றுநீரில் உயிர் பிழைக்கிறது. தெளிந்த நீரில் மடிகிறது. இதன் காரணத்தைக் காண அறிஞர்களுக்கு நாற்பது ஆண்டுகள் வேண்டியிருந்தன. அவ்வரலாற்றை நேயர்களுக்குக் கூற விழைகிறோம்.

1849ஆம் ஆண்டில், இலண்டன் மாநகரில், இராபர்ட் வாரிங்டன் என்னும் வேதியியலறிஞர் ஒரு பாத்திரத்தில் பொன்மீன்கள் இரண்டையும் நீர்ப்பூண்டையும் சேர்த்து வளர்த்தார். மீன் விடும் கரியமில வாயுவைப் பூண்டு ஏற்கும். பூண்டு விடும் பிராண வாயுவை மீன் ஏற்கும். பூண்டின் இலைகள் அழுகி நீர் கெட்டபோது, அவற்றைத் தின்னும் நத்தைகளையும் சேர்த்தார். நீர் சீரடைந்தது. 1850இல் இதனை வேதியியற் கழகத்தார்க்கு எடுத்துரைத்தார். பின்னர்க் கடல்நீரிலும் முயன்றார். 1853இல் இலண்டன் விலங்குக் காட்சிசாலையில் பொதுமக்களுக்கென மீன்காட்சிசாலை திறக்கப்பெற்றது. 1871இல் அந்நகரின் பளிங்கு மாளிகையில் வில்லியம் ஆல்ஃபர்டு லாயிடு என்பவர், காட்சித் தொட்டிகளைவிடப் பன்மடங்கு பெரிய இருட்டு நீர்த்தேக்கம் ஒன்றை அமைத்து, அதே கடல்நீரை மீண்டும் மீண்டும் சுழலவிட்டார். பழகிய நீரே நல்லது என்பதை இவர்கள் அனுபவத்தால் அறிந்திருந்தனர். ஏன் நல்லது என்பதைத்தான் அறியவில்லை.

நம் நாட்டிலும் 1909இல் சென்னைக் கடற்கரையில் மீன்காட்சிசாலை திறக்கப்பெற்றது. 1951இல் மும்பைக் கடற்கரைச் சாலையில் தாராபோர்வாலா மீன்காட்சிசாலையைக் குடியரசுத் தலைவர் இராசேந்திர பிரசாத் திறந்து வைத்தார். கடலை அடுத்த காட்சிசாலைக்குப் புதுநீர் அண்மையிலேயே உண்டு. அடுக்குமாடி வீட்டுத் தொட்டிக்கு அவ்வசதி இல்லை. உள்ள நீரே தன்னைத் தூய்மை செய்துகொள்ள வேண்டும்.

அதற்கான விடை மீன்தொட்டியிலிருந்து வரவில்லை. சாக்கடை நீரிலிருந்து வந்தது. 1877இல் பிரெஞ்சு அறிஞர்களான சுலோசிங், மியூண்ட்சு இருவரும், மணலும் சுண்ணாம்புக் கல்லும் நிறைத்த குழாயின் வழியே சாக்கடை நீரை மெல்லக் கசியவிட்டனர். இருபது நாள்வரை, உட்புகுந்த அம்மோனியா அவ்வாறே வெளிவந்தது. அதன்பின் அம்மோனியா குறைந்து, நைட்ரேட்டு தோன்றலாயிற்று. குளோரோஃபார்ம் ஆவியைச் செலுத்தினர்; மாற்றம் நின்றது. சிறிது மண் கரைத்த நீரை ஊற்றினர். சில நாளில் மாற்றம் மீண்டும் தொடங்கிற்று. மயக்க மருந்தால் நிற்பது உயிரின் தொழிலேயன்றி வேறென்ன? பீகார் மாநிலத்துச் சிற்றூர் மண்ணில் வெடியுப்புப் பூத்ததும் இதே தொழிலால்தான்.

இனி வருவது வரலாற்றின் வியப்பு. வாரிங்டன் 1867இல் காலமானார். தந்தையின் பெயரையே தாங்கிய மகன், தந்தையின் ஆய்வுக்கூடத்திலேயே வேதியியல் பயின்றவர். அவர் ரோதாம்ஸ்டெட் வேளாண்மை ஆராய்ச்சி நிலையத்தில் இம்மாற்றத்தைப் பல்லாண்டு ஆராய்ந்தார். அது இரு படிகளில் நிகழ்கிறது என்று கண்டார்: ஒருவகை நுண்ணுயிர் அம்மோனியாவை நைட்ரைட்டாக்குகிறது; மற்றொருவகை அதனை நைட்ரேட்டாக்குகிறது. 1890ஆம் ஆண்டையொட்டி உருசிய அறிஞர் வினோகிராட்ஸ்கி இந்நுண்ணுயிர்களைப் பிரித்தெடுத்தார். மகன் ஆராய்ந்தது வயல் மண். ஆயினும் தந்தையின் தொட்டிக்கு வேண்டிய விடை அதனுள் இருந்தது.

மீனின் கழிவு அம்மோனியாவாகிறது. அது நஞ்சு. நன்னீரைவிடக் காரத்தன்மை மிகுந்த கடல்நீரில் அதன் கொடுமை பெரிது. ஆகவே, புதுத் தொட்டியில் மணலும் பாறையும் இட்டு, மீன் விடாமல், சிறிது அம்மோனியாவையோ ஓர் இறால் துண்டையோ இட்டுக் காத்திருத்தல் வேண்டும். முதலில் அம்மோனியா ஏறி இறங்கும். அடுத்து நைட்ரைட்டு ஏறி இறங்கும். இறுதியில் நைட்ரேட்டு மட்டுமே எஞ்சும். இதற்குப் பெரும்பாலும் நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். சோதனையில் முன்னிரண்டும் அறவே இல்லை என்று கண்டபின், நீரில் ஒரு பகுதியை மாற்றி, ஓரிரு மீன்களை மட்டும் விடலாம். மீனைப் பெருக்கினால் நுண்ணுயிரும் பெருக அவகாசம் தர வேண்டும்.

இவ்வாராய்ச்சி இன்னும் முற்றுப்பெறவில்லை. 2005இல், அமெரிக்காவின் சியாட்டில் மீன்காட்சிசாலையின் கடல்நீர்த் தொட்டியிலிருந்து, பாக்டீரியா இனத்தைச் சாராத புதியதொரு நுண்ணுயிர் பிரித்தெடுக்கப்பெற்றது. அதுவும் அம்மோனியாவை உண்டே வாழ்கிறது. கடலெங்கும் அதன் இனம் பரவியுள்ளது.

நாம் இரண்டாம் முறை ஆறு வாரம் காத்திருந்தோம். வெறுந்தொட்டியை ஏன் வைத்திருக்கிறீர்கள் என்று அண்டை வீட்டார் வினவினர். அது வெறுந்தொட்டியன்று. கண்ணுக்குத் தெரியாத குடிகள் முன்னரே குடியேறிய பின்தான், கண்ணுக்குத் தெரியும் குடிக்கு அங்கே வாழ்வு உண்டு. உப்பங்கழியின் சேறு நெடுங்காலமாகச் செய்துவரும் பணியைத்தான் ஒரு கைப்பிடி மணல் நம் தொட்டியில் கற்றுக்கொண்டிருந்தது.