பீங்கான் தொழில்: ஒத்த சூளை வச்சிருக்கவருக்கு சங்கம் எதுக்கு? கம்மாபுரம், விருத்தாசலம் உற்பத்தியாளர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை

கார்த்திகை தீபத்துக்கு அகல் விளக்கு, நவராத்திரி கொலுவுக்கு பொம்மை, வீட்டு மின் இணைப்புக்கு ஃபியூஸ் கேரியர். கடலூர் மாவட்டம் விருத்தாசலம், கம்மாபுரம் பகுதியின் பீங்கான் பொருட்கள் என்றதும் நினைவுக்கு வருபவை இவை. இங்கே இருப்பவற்றில் பெரும்பாலானவை சின்ன யூனிட்கள்தான். குடும்பத்தினரோடு சில தொழிலாளர்களும் சேர்ந்து நடத்துபவை.

இவர்களிடம் உற்பத்தியாளர் சங்கம் பற்றிப் பேசினால் முதலில் வரும் கேள்வி, "சந்தா கட்டி என்ன பிரயோஜனம்?" என்பதுதான். நியாயமான கேள்வி. சங்கத்தால் எது முடியும், எது முடியாது, சேரும் முன் எதைப் பார்க்க வேண்டும்? விரிவாகப் பார்க்கலாம்.

விருத்தாசலத்துக்கு பீங்கான் தொழில் வந்தது எப்படி?

காரணம் பக்கத்திலேயே இருக்கிறது. நெய்வேலி சுரங்கத்தில் பழுப்பு நிலக்கரிக்கு மேலே உள்ள மண் அடுக்குகளில் வெள்ளைக் களிமண் கிடைக்கிறது. என்எல்சி நிறுவனம் இதைச் சுத்தப்படுத்த தனி ஆலையே நடத்தியது. இந்த மண்ணை நம்பித்தான் விருத்தாசலத்தில் பீங்கான் தொழிற்பேட்டை உருவானது. பீங்கான் தொழில்நுட்பத்தில் டிப்ளமோ படிக்க அரசுக் கல்வி நிறுவனமும் இங்கேயே இருக்கிறது.

மாநில அரசின் 'டாசெல்' என்ற தமிழ்நாடு செராமிக்ஸ் நிறுவனமும் இங்கு இயங்கியது. பின்னர் அது மூடப்பட்டது. பெரிய நிறுவனம் ஒன்று ஊரில் இருக்கும்போது, மண், எரிபொருள், தரப் பரிசோதனை பற்றிப் பேச ஒரு இடம் இருக்கும். அது இல்லாதபோது அந்த வேலையை யாராவது எடுத்துச் செய்தாக வேண்டும். சங்கத்தின் தேவை இங்கேதான் தொடங்குகிறது.

மண் விஷயத்தில் யாரிடம் போய் கேட்பது?

பீங்கானுக்கு சீனக்களிமண் மட்டும் போதாது. குவார்ட்ஸும் பெல்ட்ஸ்பாரும் வேண்டும். 2015 பிப்ரவரியில் மத்திய அரசு 31 கனிமங்களை சிறு கனிமங்கள் என்று அறிவித்தது. சீனக்களிமண், குவார்ட்ஸ், பெல்ட்ஸ்பார் மூன்றும் அந்தப் பட்டியலில் இருந்தன. சிறு கனிமம் என்றால் அதற்கான விதிகளை மாநில அரசே வகுக்கலாம்.

2025 பிப்ரவரியில் குவார்ட்ஸும் பெல்ட்ஸ்பாரும் மீண்டும் பெரு கனிமப் பட்டியலுக்கு மாற்றப்பட்டன. சீனக்களிமண் மாறவில்லை. அதாவது, ஒரே விளக்கில் சேரும் மூன்று பொருட்களில் ஒன்றுக்கு சென்னை விதி, இரண்டுக்கு டெல்லி விதி. காலையில் சூளையைப் பற்றவைத்து, மாலையில் சரக்கை பார்சல் போடும் ஒருவர் இந்த அறிவிப்புகளை எல்லாம் தேடிப் படித்துக்கொண்டிருக்க முடியாது. படித்துச் சொல்லவும், தேவைப்பட்டால் மனு கொடுக்கவும் ஒரு பொது ஆள் வேண்டும்.

சீன சரக்கை எதிர்த்து ஒருவர் மட்டும் புகார் கொடுக்கலாமா?

கொடுக்கலாம், ஆனால் செல்லுபடியாகாமல் போக வாய்ப்பு அதிகம். வெளிநாட்டுப் பொருள் அடிமாட்டு விலைக்கு வந்து குவிந்தால், பொருள் குவிப்புத் தடுப்பு வரி கேட்டு மத்திய அரசின் வர்த்தகத் தீர்வுகள் இயக்குநரகத்திடம் விண்ணப்பிக்க வேண்டும். இதற்கான 1995-ஆம் ஆண்டு விதிகள் இரண்டு கணக்கைக் கேட்கின்றன.

• விண்ணப்பத்தை ஆதரிக்கும் உற்பத்தியாளர்களின் பங்கு, நாட்டின் மொத்த உற்பத்தியில் குறைந்தது 25 சதவீதம் இருக்க வேண்டும்.

• கருத்துச் சொன்ன உற்பத்தியாளர்களில், உற்பத்தி அளவின்படி 50 சதவீதத்துக்கு மேல் ஆதரவாக இருக்க வேண்டும்.

ஒரு சின்ன யூனிட் இந்த 25 சதவீதத்தை எந்தக் காலத்திலும் எட்டாது. சீனாவில் இருந்து வரும் பீங்கான் சாப்பாட்டுத் தட்டு, கோப்பை, சமையலறைப் பொருட்களுக்கு எதிரான விண்ணப்பத்தை அகில இந்திய அளவிலான தொழில் அமைப்புகள்தான் முன்னெடுத்தன. விசாரணை முடிந்து 2018-ல் வரி உறுதியானது. எந்த அமைப்பிலும் சேராத சின்ன யூனிட்டின் ஆதரவு, இப்படிப்பட்ட கணக்கில் சேராமலேயே போகக்கூடும்.

மோர்பி என்ன செய்தது?

குஜராத்தின் மோர்பி, இந்தியாவின் டைல்ஸ் உற்பத்தியில் பெரும்பகுதியைத் தரும் ஊர். 2019 மார்ச்சில் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் அங்கே நிலக்கரியில் இருந்து எரிவாயு தயாரிக்கும் உலைகளை மூட உத்தரவிட்டது. ஆலைகள் குழாய் இயற்கை எரிவாயுவுக்கு மாறின. அடுத்த பிரச்சினை எரிவாயு விலையாக வந்தது. 2022-ல் விலை எகிறியபோது, ஆகஸ்டில் இருந்து சுமார் ஒரு மாதம் உற்பத்தியை நிறுத்துவது என்று அங்குள்ள உற்பத்தியாளர்கள் கூட்டாக முடிவெடுத்தார்கள்.

தனி ஒருவர் ஆலையை மூடினால் அவருடைய வாடிக்கையாளர் பக்கத்து ஆலைக்குப் போய்விடுவார். ஊரே சேர்ந்து பேசினால் எரிவாயு நிறுவனமும் அரசும் கேட்டாக வேண்டும். விருத்தாசலம் மோர்பி அளவுக்குப் பெரியது இல்லை. அதனால்தான் இங்கே சேர்ந்து பேசுவது இன்னும் அவசியம்.

பொது வசதி மையம் என்றால் என்ன?

சூளையை பாதி நிரப்பி எரித்தாலும் முழுசா நிரப்பி எரித்தாலும் எரிபொருள் செலவில் பெரிய வித்தியாசம் வராது. சூளையின் சுவரையும் தட்டுகளையும் சூடாக்கவே நிறைய வெப்பம் போய்விடும். பீங்கானுக்கு 1,200 டிகிரி செல்சியஸுக்கு மேல் வெப்பம் தேவை. நாலு பேரின் சரக்கை ஒரே சூளையில் ஏற்றினால் ஒவ்வொருவருக்கும் செலவு குறையும். மண் அரைக்கும் பால் மில், தண்ணீர் பிழியும் ஃபில்டர் பிரஸ், தரப் பரிசோதனைக் கூடம் எல்லாவற்றுக்கும் இதே கணக்குதான்.

இதற்கு மத்திய அரசின் குறு, சிறு தொழில் குழும மேம்பாட்டுத் திட்டம் இருக்கிறது. 2022-ல் வந்த வழிகாட்டுதலின்படி, 5 முதல் 10 கோடி ரூபாய் வரையிலான பொது வசதி மையத்துக்கு 70 சதவீதமும், 10 முதல் 30 கோடி வரையிலான மையத்துக்கு 60 சதவீதமும் மானியம் கிடைக்கும். ஆனால் இந்தப் பணம் தனி நபருக்கு வராது. உற்பத்தியாளர்கள் சேர்ந்து ஒரு பொது அமைப்பைத் தொடங்கி, தங்கள் பங்கையும் போட வேண்டும். ஒருவரையொருவர் நம்பிப் பழகிய சங்கம் ஏற்கெனவே இருந்தால் இது சுலபம். மானியம் வருகிறது என்று கேள்விப்பட்ட பிறகு அவசரமாகக் கூடினால் சண்டைதான் மிஞ்சும்.

புவிசார் குறியீடும் அப்படித்தான். 1999-ஆம் ஆண்டுச் சட்டப்படி உற்பத்தியாளர் சங்கமோ, அமைப்போ, அதிகாரம் பெற்ற நிறுவனமோ மட்டுமே விண்ணப்பிக்க முடியும். மானாமதுரை மண்பாண்டத்துக்கு 2023-ல் இந்தக் குறியீடு கிடைத்தது.

சரக்கு போச்சு, பணம் வரலை... என்ன செய்யலாம்?

சின்ன யூனிட்களை அதிகம் சாய்ப்பது இந்தப் பிரச்சினைதான். 2006-ஆம் ஆண்டு குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் சட்டப்படி, எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் இருந்தாலும் வாங்கியவர் 45 நாட்களுக்குள் பணம் தர வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. அந்த விகிதம் 6 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், வட்டி 18 சதவீதம். உத்யம் பதிவு இருந்தால் இணையவழியில் புகார் செய்யலாம்.

சட்டம் இருந்தும் பலர் புகார் செய்வதில்லை. "அடுத்த சீசனுக்கு ஆர்டர் தர மாட்டாங்களே" என்ற பயம். இங்கே சங்கம் இரண்டு உதவி செய்யலாம். பாக்கி வைத்திருப்பவரிடம் சங்கத்தின் பெயரில் முதலில் பேசலாம். அது பலிக்காவிட்டால் புகார் மனு தயாரிக்க உதவலாம்.

சங்கம் செய்யக் கூடாதது எது?

"இந்த விலைக்குக் கீழ் யாரும் விற்கக் கூடாது" என்று தீர்மானம் போடக் கூடாது. 2002-ஆம் ஆண்டு போட்டிச் சட்டத்தின் 3-வது பிரிவு இதைத் தடுக்கிறது. 2012-ல் 11 சிமெண்ட் நிறுவனங்களுக்கு போட்டி ஆணையம் 6,000 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. அவற்றின் சங்கமும் தப்பவில்லை. அந்த வழக்கு மேல்முறையீடுகளில் நீண்டது. மண் வாங்குவது, பயிற்சி, பரிசோதனை, அரசிடம் கோரிக்கை ஆகியவற்றைக் கூட்டாகச் செய்யலாம். விற்பனை விலையை அவரவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

சேரும் முன் கேட்க வேண்டிய 5 கேள்விகள்

1. சங்கம் பதிவு செய்யப்பட்டதா? தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-ன்படி ஆண்டுதோறும் மாவட்டப் பதிவாளரிடம் கணக்கு தாக்கல் செய்கிறதா?

2. பொதுக்குழு ஒழுங்காகக் கூடுகிறதா? வரவு செலவை உறுப்பினர் பார்க்க முடியுமா?

3. பொறுப்புகள் மாறுகின்றனவா, இல்லை வருஷக்கணக்கா ஒரே ஆட்களா?

4. சொந்தச் சூளை இல்லாமல், கூலிக்குச் சுட்டு வாங்குபவருக்கும் சம ஓட்டு உண்டா?

5. போன வருஷம் சங்கம் முடித்துக் கொடுத்த வேலை எது?

ஐந்தாவது கேள்விக்குப் பதில் இல்லாவிட்டால் சந்தா கட்ட யோசிக்கலாம். ஆனால் வெளியே நின்றபடி, "அவங்க போராடி வாங்கட்டும், நமக்கும் கெடைக்கும்" என்று காத்திருப்பதிலும் ஆபத்து இருக்கிறது. எல்லோரும் அப்படி நினைத்தால் போராட ஆளே இருக்காது.

உருப்படியான சங்கம் அருகில் இல்லை என்றாலும் வழி உண்டு. 1975-ஆம் ஆண்டுச் சட்டப்படி புதிதாக ஒரு சங்கத்தைப் பதிவு செய்ய 7 பேர் இருந்தால் போதும். ஒரே தெருவில் உள்ள யூனிட்களை எண்ணினாலே அந்த 7 பேர் கிடைத்துவிடக் கூடும்.