எச்.ஐ.வி.: நோயெதிர்ப்பாற்றலும் உடலுறுப்புகளும்

எச்.ஐ.வி. என்பது நோயெதிர்ப்பாற்றலைப் படிப்படியாகக் குலைக்கும் வைரஸ் ஆகும். சிகிச்சை பெறாமல் அத்தொற்று முற்றிய நிலையே எய்ட்ஸ் எனப்படுகிறது. இந்தியாவில் இத்தொற்று முதன்முதலாக 1986இல் சென்னையில், மருத்துவர்கள் சுனிதி சாலமன், செல்லப்பன் நிர்மலா ஆகியோரின் முயற்சியால் கண்டறியப்பட்டது.

பிற வெள்ளையணுக்களைத் தூண்டி நெறிப்படுத்தும் சி.டி.4 செல்களுக்குள் புகும் இவ்வைரஸ், தன் ஆர்.என்.ஏ.வை டி.என்.ஏ.வாக மாற்றிச் செல்லின் மரபுப்பொருளோடு இணைத்துவிடுவதால், அச்செல்லே புதிய வைரஸ்களை உருவாக்கத் தொடங்குகிறது. தொற்றிய சில வாரங்களிலேயே குடற்சுவரிலுள்ள சி.டி.4 செல்கள் பெருமளவில் அழிகின்றன; சிதைந்த அச்சுவரின் வழியே நுண்ணுயிர்க் கூறுகள் இரத்தத்தில் கசிந்து, உடல் முழுவதும் ஓயாத அழற்சியை மூட்டுகின்றன. வெளித்தோற்றத்தில் நலமாக இருப்பவரின் உடலிலும் இச்சேதம் பல ஆண்டுகள் தொடரும் என்பதே இந்நோயின் பெருங்கொடுமை. ஒரு கன மில்லிமீட்டர் இரத்தத்தில் பொதுவாக 500க்கு மேல் இருக்க வேண்டிய சி.டி.4 எண்ணிக்கை 200க்குக் கீழே இறங்கும்போது, வலுவுள்ள உடல் எளிதில் அடக்கிவைக்கும் கிருமிகளும் உயிருக்கு ஊறு விளைவிக்கின்றன.

இந்தியாவில் அவற்றால் வரும் நோய்களுள் முதன்மையானது காசநோய். நுரையீரலில் உறங்கிக் கிடக்கும் காசநோய்க் கிருமியைச் சூழ்ந்து அடைத்துவைப்பதற்குச் சி.டி.4 செல்கள் இன்றியமையாதவை என்பதால், அவை குறையக் குறையக் கிருமி விழித்தெழுகிறது. எண்ணிக்கை 200க்கு இறங்கும் முன்பே காசநோய் வருவதுண்டு, சளிப் பரிசோதனையில் அது தென்படாமல் போவதும் உண்டு. மூளையில் பூஞ்சையால் உண்டாகும் மூளையுறைக் காய்ச்சலும் நினைவுத்தளர்ச்சியும், கண்ணில் விழித்திரை அழற்சியும் ஏற்படலாம். சிறுநீரகமும் இதயக் குழாய்களும் நீடித்த அழற்சியால் கெடுகின்றன.

கூட்டு மருந்துச் சிகிச்சை வைரஸின் பெருக்கத்தைத் தடுக்கிறது. செல்களில் மறைந்திருக்கும் வைரஸை அது ஒழிக்காததால் வாழ்நாள் முழுதும் மருந்து உட்கொள்ள வேண்டும். இரத்தத்தில் வைரஸ் கண்டறிய இயலாத அளவுக்குக் குறைந்து நிலைத்தவரிடமிருந்து பாலுறவு வழியே தொற்று பரவுவதில்லை. 2004இல் அரசு மருத்துவமனைகளில் இலவசமாகத் தொடங்கிய இச்சிகிச்சை, 2017 முதல் சி.டி.4 எண்ணிக்கை எதுவாயினும் வழங்கப்படுகிறது.

காவிரிக் கழிமுகத்தில் தமிழக மாவட்டங்கள் சூழ அமைந்த காரைக்கால், புதுச்சேரி ஒன்றியப் பகுதியைச் சேர்ந்ததாகையால், அங்கு எச்.ஐ.வி. தொடர்பான பணிகள் புதுச்சேரி எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கத்தின் பொறுப்பில் உள்ளன. ஒருவரையொருவர் அறிந்த இத்தகைய சிறு வட்டாரங்களில், மருந்தைக் காட்டிலும் மறைகாப்பே பலருக்கு முதல் தேவையாகிறது. ஒப்புதலின்றி ஒருவரின் தொற்றுநிலையை வெளியிடுவதையும், அதைக் காட்டி வேலையோ மருத்துவமோ மறுப்பதையும் 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையிலுள்ள 2017ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்கிறது.