பூச்சி இனப்பெருக்க உறுப்புகளில் இடவலச் சமச்சீரின்மை

பெரும்பாலான பூச்சிகளின் உடலை நெடுக்குவாக்கில் பிளந்தால் இடப்பாதியும் வலப்பாதியும் ஒன்றையொன்று ஒத்திருக்கும். இந்த ஒழுங்கு அதிகம் குலைவது ஆணின் வயிற்று நுனியில் உள்ள கலவி உறுப்புகளில்தான். கரப்பான்பூச்சி, மூட்டைப்பூச்சி, ஈ எனத் தொலைதூர உறவே உள்ள பல வரிசைகளில் இது தனித்தனியே தோன்றியிருக்கிறது. சில இனங்களில் ஒரு பக்கத்து உறுப்பு பெருத்திருக்கும். சிலவற்றில் வளைந்தோ முறுக்கியோ இருக்கும். சிலவற்றில் ஒரு பக்கம் அறவே மறைந்துவிட்டது. பெண்ணின் உறுப்போ பெரும்பாலும் சமச்சீராகவே நிற்கிறது.

பூச்சிகளின் கலவி உறுப்புகள் ஏன் இவ்வளவு சிக்கலானவை என்பதற்கு 1844இல் பிரெஞ்சு இயற்கையியலாளர் லியோன் டுஃபூர் ஒரு விளக்கம் தந்தார். ஆணுறுப்பு சாவி, பெண்ணுறுப்பு பூட்டு. பிற இனத்தோடு கலப்பதை இந்தப் பொருத்தம் தடுக்கிறது என்றார். இக்கருத்துக்கு நெடுங்காலம் செல்வாக்கு இருந்தது. ஆனால் சாவி கோணினால் பூட்டும் கோணியிருக்க வேண்டும். பெரும்பாலான இனங்களில் அப்படி இல்லாததால், சமச்சீரின்மையை விளக்க இது போதவில்லை. வில்லியம் எபர்ஹார்ட் 1985இல் வெளியிட்ட நூல், உறுப்பின் வடிவத்தைப் பெண்ணின் தேர்வோடு இணைத்து விவாதத்தைப் பாலியல் தேர்வின் பக்கம் திருப்பியது.

பெண்ணின் உடலும் ஒருபக்கமாக மாறியிருப்பதற்கு மூட்டைப்பூச்சி தெளிவான சான்று. ஆணின் கலவி உறுப்பு இடப்பக்கத்து ஊசி ஒன்று மட்டுமே, அதுவும் வளைந்தது. பெண்ணின் மேல் ஏறும் ஆண், வயிற்றை அவளது வலப்பக்கமாக வளைத்து, அடிவயிற்றில் வலப்புறமுள்ள பள்ளத்தைத் துளைத்து விந்தணுவைச் செலுத்துகிறது. இனப்பெருக்கத் துளை இருந்தும் கலவிக்கு அது பயன்படுவதில்லை. துளைபடும் இடத்துக்கு நேர் உள்ளே இரத்த அணுக்கள் நிறைந்த தனி உறுப்பு ஒன்று உள்ளது. இதை 1897இல் இத்தாலிய அறிஞர் ரிபாகா விவரித்தார். காயத்தின் வழியே வரும் நோய்த்தொற்றின் பாதிப்பை இவ்வுறுப்பு குறைப்பதாக 2003இல் வெளியான ஆய்வு காட்டியது.

கொசுவும் அடங்கிய ஈக்களின் வரிசையில் கதை வேறு. ஆண் கொசுவின் வயிற்று நுனி, கூட்டுப்புழுவிலிருந்து வெளிவந்த ஏறக்குறைய ஒரு நாளுக்குள் 180 பாகை திரும்புகிறது. அதற்கு முன் அதனால் கலவி கொள்ள முடியாது. பழ ஈ போன்றவற்றில் இந்தத் திருப்பம் கூட்டுப்புழுவுக்குள்ளேயே 360 பாகை நடந்து முடிந்துவிடும். வெளியிலிருந்து பார்த்தால் எதுவும் திரும்பியதாகவே தெரியாது. உள்ளே விந்துக்குழாய் குடலைச் சுற்றி வளையமிட்டிருப்பதே முழுச் சுற்றுக்குச் சாட்சி. ஜெர்மானிய ஆய்வாளர் ஃபாயர்போர்ன் 1922இல் இந்தத் திருப்பங்களை ஒப்பிட்டு எழுதினார். முன்னோரிடம் கலவி நிலை மாறியபோது ஓர் அரைச்சுற்றும், மீண்டும் மாறியபோது இன்னோர் அரைச்சுற்றும் சேர்ந்ததே இந்த முழுச் சுற்று என்று பொதுவாக விளக்கப்படுகிறது. மயோசின் வகைப் புரதம் ஒன்றுக்கான மரபணு பழுதானால் பழ ஈயில் இந்தச் சுற்று எதிர்த்திசையில் நடக்கும் என்பதை 2006இல் இரு ஆய்வுக்குழுக்கள் கண்டறிந்தன.

வடிவம் ஒத்திருக்க, பழக்கம் மட்டும் ஒருபக்கம் சாய்வதும் உண்டு. வால் முனையில் இடுக்கி கொண்ட லாபிடூரா ரைபேரியா என்ற பூச்சியின் ஆணுக்கு இரண்டு ஆண்குறிகள். இரண்டும் வேலை செய்யக்கூடியவை; ஆயினும் சுமார் 90 விழுக்காட்டு ஆண்கள் வலப்பக்கத்தையே பயன்படுத்துவதை ஜப்பானிய ஆய்வாளர் யோஷிதகா கமிமுரா 2006இல் காட்டினார். வலப்பக்கத்தை நீக்கிவிட்டால் இடப்பக்கத்தால் கலவி நடக்கிறது. இவற்றின் உறவினங்கள் பலவற்றில் ஒரே ஓர் ஆண்குறிதான் எஞ்சியிருக்கிறது.

சிதறிக் கிடந்த இத்தகவல்களை ஹூபர், சின்கிளேர், ஷ்மிட் மூவரும் 2007இல் தொகுத்தனர். பூச்சிகளின் ஆதி வழக்கம் பெண் மேலே இருப்பது. ஆண் மேலேறும் முறை வந்தபின், வயிற்றை ஒரு பக்கமாக வளைத்தே பெண்ணை எட்ட வேண்டியதாயிற்று. அந்த வளைவுக்கேற்ப உறுப்பும் கோணியது என்பது அவர்கள் வாதம். இன்றுவரை வலுவான விளக்கம் இதுவே. ஆனாலும் எல்லாவற்றுக்கும் பொருந்துவதில்லை. ஒரு பக்க வளைவே காரணமானால் ஒரே இனத்தின் ஆண்களில் உறுப்பு ஒரே பக்கம் கோணியிருக்க வேண்டும்; ஆனால் ஆஸ்திரேலியாவின் சியுல்ஃபினா கும்பிடுபூச்சிகளில் கண்ணாடிப் பிம்பம்போல் இடம் வலம் மாறிய உறுப்புள்ள ஆண்கள் ஒரே இனத்துக்குள்ளும் உண்டு.

சோனோரன் பாலைவனத்தின் செனிட்டா கள்ளியில் வளரும் டிரோசோஃபிலா பேக்கியா என்ற ஈ மூவரின் விளக்கத்துக்கு நன்கு ஒத்துவருகிறது: ஆணுறுப்பின் இட மடல் வல மடலைவிட நீளம், ஆண் பெண்ணின் மேல் வலப்புறம் சாய்ந்தே அமர்கிறது. ஆனால் அதன் நெருங்கிய உறவினங்களை 2019இல் ஆராய்ந்தபோது, டிரோசோஃபிலா நானோப்டெராவின் ஆண்குறி சமச்சீராக இருந்தும் கலவி வலச்சாய்வாகவே நடந்தது. டிரோசோஃபிலா அகாந்தோப்டெராவில் ஆண்குறி வளைந்திருந்தும் ஆண் நேராகவே அமர்ந்தது.