திருகோணமலை: கல்லும் கமராவும்

திருகோணமலைக்கு ஒருநாள் பயணமாகச் செல்லும் நம்மவர் பெரும்பாலும் ஒரே படத்துடன் திரும்புகின்றனர். கோணேசர் கோயிலின் பெரிய சிவன் சிலைக்கு முன்னால் குடும்பத்தினர் வரிசையாக நிற்பர். அதிற் குறை காண்பதற்கில்லை. ஆனால், அக்கோயிலுக்குச் செல்லும் வழியிலேயே, பிரெடரிக் கோட்டை வாயிலில், இரட்டைக் கயலும் சில தமிழ் வரிகளும் பொறித்த கல் இருக்கிறது. வாகனம் அதனைக் கடந்து போய்விடுகிறது.

போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தந்தீனு த சா 1620களில் மலைக்கோயிலை இடித்து, அக்கற்களைக் கொண்டே கோட்டையை எழுப்பினான். எனவே இங்கே சுவரைப் படம் பிடிப்பவர், அறிந்தோ அறியாமலோ, கோயிலையே படம் பிடிக்கிறார். வாயிற் கல்லிலுள்ள செய்யுளைக் குளக்கோட்டனோடும் பரங்கியர் வருகையோடும் மரபு இணைக்கிறது. எழுத்துகள் சிதைந்து போனமையால் அறிஞர்கள் அதனை வெவ்வேறாக நிரப்பிப் படித்தனர். நண்பகல் வெயிலில் நேரெதிரே நின்று எடுத்த படத்தில் அது வெறுங் கல்லாகவே தெரியும். பக்கவாட்டிலிருந்து வெளிச்சம் சாய்ந்து விழும்போதுதான் வெட்டெழுத்தின் பள்ளத்தில் நிழல் தங்கும். அப்போதுதான் எழுத்து எழுத்தாகும். கல்வெட்டுப் படத்துக்கு விலையுயர்ந்த கமராவைவிடக் காத்திருக்கும் பொறுமையே அதிகம் உதவுகிறது.

கோணேசர் கோயிலின் எச்சங்களை உலகுக்குக் காட்டியதில் பொழுதுபோக்காளரின் பங்கு சிறிதன்று. 1950இல் கோயிற் சூழலில் கிணறு வெட்டியபோது சோமாஸ்கந்தர் முதலிய செப்புத் திருமேனிகள் வெளிப்பட்டன. அடுத்த சில ஆண்டுகளில், 1956இல், மைக் வில்சனும் அறிவியற் புனைகதை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கும் சுவாமி மலையடிக் கடலில் மூழ்கிச் செதுக்கிய கற்களையும் தூண்களையும் கண்டு, நீருக்கடியிற் படம் பிடித்தனர். இருவரும் தொல்லியலாளர் அல்லர்; பவளப் பாறைகளையும் மீன்களையும் தேடிச் சென்றவர்கள். ஏட்டிலும் செவிவழிக் கதையிலும் மட்டுமிருந்த செய்தி அப்படங்களோடு கண்ணாற் காணத்தக்கதாயிற்று. 1957இல் வெளிவந்த கிளார்க்கின் 'தப்ரபேனின் பவளப்பாறைகள்' என்ற ஆங்கில நூல் அந்தப் பயணங்களைச் சொல்வது. வில்சன் பிற்காலத்தில் துறவு பூண்டு சுவாமி சிவ கல்கி ஆனார் என்பதைக் கேட்டால், கோணேசரின் திருவிளையாடல் என்றே நம் ஊர்ப் பெரியவர்கள் சொல்வார்கள்.

படம் மட்டும் போதாது, குறிப்பும் சரியாக இருக்கவேண்டும். சுவாமி மலையுச்சியில் நிற்கும் ஒற்றைத் தூணில் பிரான்சினா வான் ரேட என்ற ஒல்லாந்துப் பெண்ணின் பெயரும் 1687ஆம் ஆண்டும் பொறிக்கப்பட்டுள்ளன. காதலன் கப்பலேறிப் போகக் கண்டு அவள் கடலில் பாய்ந்து மாண்டாள் என்ற கதையே இன்றும் படங்களின் கீழே எழுதப்படுகிறது. ஆவணங்களை ஆராய்ந்தோர் அக்கதையை மறுத்துவிட்டனர். அதன்பின்னும் அவள் உயிரோடிருந்தாள் என்பது அவர்கள் முடிவு. தூணோ பழைய கோயிலினது. அந்தப் படத்தைப் பார்ப்போர் கதையை வைத்துக்கொண்டு தூணை விட்டுவிடுகிறார்கள்.

நகருக்கு வெளியே போனால் இந்தக் குறிப்பு எழுதும் வேலை இன்னும் கடினமாகிறது. பெரியகுளத்தின் அருகே உள்ள வெல்கம் விகாரை பௌத்தப் பள்ளி. அங்குள்ள சோழர் காலக் கல்வெட்டுகளோ தமிழ். இராசராசப் பெரும்பள்ளி என அதனைச் சோழர் அழைத்தனர். "எங்களுடையது", "உங்களுடையது" என்ற இருசாராரின் சொற்களுக்கும் அடங்காத இடம் அது. படமெடுப்போர் விகாரையின் கட்டடத்தோடு நிறுத்திவிடாமல் கல்வெட்டுகளையும் எடுக்கவேண்டும். ஒன்றை விட்டு மற்றதைக் காட்டினால் படமும் பொய் சொல்லும்.

கன்னியாவில் இதன் கனம் விளங்கியது. ஏழு வெந்நீர்க் கிணறுகளுக்கு அருகே பழைய பிள்ளையார் கோயிலின் அத்திவாரம் இருந்த இடத்தில் விகாரைக் கட்டுமானம் தொடங்கப்பட்டதை எதிர்த்து 2019 யூலையில் மக்கள் திரண்டனர். அம்மாதமே திருகோணமலை மேல் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. இத்தகைய வழக்குகளில் "முன்பு இங்கு என்ன இருந்தது?" என்ற கேள்வியே முதலில் எழும். எங்கோ ஒரு வீட்டு அலுமாரியில், பிள்ளைகள் குளிக்கும் படத்தின் பின்னணியில், அந்த அத்திவாரம் தெரியக்கூடும். கனடாவிலும் இலண்டனிலும் இருக்கும் பழைய அல்பங்களைத் தூக்கி எறியவேண்டாம் என்று நான் கேட்பது இதனாலேயே. படத்தின் பின்புறத்தில் இடத்தையும் ஆண்டையும் பென்சிலால் எழுதிவையுங்கள்.

நமக்குப் படங்கள் குறைவாயிருப்பதற்கு அலட்சியம் மட்டும் காரணமன்று. 1957 வரை பிரித்தானியக் கடற்படைத் தளம், பின்னர் யுத்தம். துறைமுகத்தை நோக்கிக் கமராவைத் தூக்குவதே சந்தேகத்துக்குரிய செயலாயிருந்த ஆண்டுகள் பல. 2009க்குப் பின் கெடுபிடி தளர்ந்தது. கோட்டைக்குள் இன்றும் இராணுவ முகாம் உண்டு. எதைப் படம் பிடிக்கலாம் என்று கேட்டுக்கொண்டு எடுப்பதே நல்லது.

கோயிலோடு தொடர்பில்லாத இடிபாடுகளும் உண்டு. 1852இல் பர்மாவில் இறந்த கடற்படைத் தளபதி சார்ள்ஸ் ஒஸ்ரின், நாவலாசிரியை ஜேன் ஒஸ்ரினின் தம்பி, திருகோணமலை நகர இடுகாட்டில்தான் கிடக்கிறார். சீனன்குடாவில் எண்ணெய்த் தாங்கிகள் காட்டுக்குள் கட்டப்பட்டன. அவற்றுள் ஒன்று 1942 ஏப்ரல் 9 யப்பானிய விமானத் தாக்குதலில் அழிந்தது. 2022 சனவரியில் கைச்சாத்தான உடன்படிக்கைப்படி 61 தாங்கிகள் கூட்டு நிறுவனமொன்றின் அபிவிருத்திக்கென ஒதுக்கப்பட்டன. மரங்கள் மூடிய அந்தத் துருப்பிடித்த உருளைகளை, அனுமதி பெற்று, வர்ணம் பூசப்படுமுன் எவரேனும் எண் வரிசைப்படி எடுத்துவைக்கவேண்டும்.