பார்க் போடும் முன்னே மண்ணோட கதையைக் கேட்போம்

மூடிக் கிடக்கிற பழைய ஸ்டோரைப் பார்த்தா நம்ம பக்கத்தில் ரெண்டு யோசனைதான் வரும். ஒன்று ஹோட்டல், மற்றது பார்க். ஹோட்டலுக்கு நம்ம மாவட்டத்திலேயே உதாரணம் இருக்கு: கந்தப்பளையில் ஹெதர்செட் தோட்டத்துப் பழைய ஸ்டோர் 1990களில் ஹோட்டலாக மாறியது. ஆனால் ஹோட்டலுக்கு வருகிறவர் நடப்பது போட்ட தரையில். பார்க்கில் பிள்ளைகள் உருள்வது வெறும் மண்ணில். அதனால் பார்க் என்று வந்துவிட்டால் கட்டிடத்தை விட மண்ணைப் பற்றித்தான் அதிகம் கேட்க வேண்டும். அந்தக் கேள்விக்கு முதலில் தேவைப்படுவது வரலாறு.

மாசுபட்ட நிலத்தை மதிப்பிடுகிறவர்கள் மண்ணைத் தோண்டுவதற்கு முன்பே பழைய வரைபடம், கணக்குப் புத்தகம், அங்கே வேலை செய்தவர்களின் வாய்மொழி எல்லாவற்றையும் தேடுகிறார்கள். எண்ணெய்த் தாங்கி எங்கே இருந்தது? கழிவை எந்தப் பக்கம் கொட்டினார்கள்? மழைத்தண்ணி எந்தக் கானில் இறங்கியது? இது தெரியாமல் நாலு இடத்தில் மண் அள்ளினால், நஞ்சு ஐந்தாவது இடத்தில் கிடக்கும். ஆய்வுகூடம் அதற்குப் பிறகுதான்.

கொடைக்கானலை எடுத்துக்கொள்வோம். 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு நம்ம சனம் போய்ச் சேர்ந்த மலைகளில் அதுவும் ஒன்று. 1980களில் அமெரிக்காவின் வாட்டர்டவுனிலிருந்து ஒரு வெப்பமானி ஆலை அங்கே கொண்டுவரப்பட்டது. பிறகு அது இந்துஸ்தான் லீவர் கைக்குப் போனது. ஆலையை ஒட்டி பாம்பாறு சோலைக் காடு. 2001 மார்ச்சில் மூஞ்சிக்கல்லில் ஒரு பழைய சாமான் கடையில் பாதரசம் கலந்த உடைந்த கண்ணாடி சுமார் 7.4 டொன் கிடக்கிறது என்பது வெளியே வந்தது. ஊர்க்காரர்களும் சூழல் அமைப்புகளும் அதை வெளிக்கொண்டு வந்தார்கள். அதே மாதம் ஆலை மூடப்பட்டது. 2003இல் ஏறத்தாழ 290 டொன் கழிவு கப்பலேறி அமெரிக்காவுக்குத் திரும்பியது.

சண்டை அதோடு முடியவில்லை. மண்ணை எவ்வளவு சுத்தம் செய்வது? ஒரு கிலோ மண்ணில் 20 மில்லிகிராம் பாதரசம் வரை இருக்கலாம் என்று எல்லை வைத்தார்கள். கணக்குப் போட்டால் ஒரு டொன் மண்ணில் 20 கிராம். ஒரு காய்ச்சல் வெப்பமானிக்குள் இருப்பது கிட்டத்தட்ட ஒரு கிராம்தான். வீடு கட்டிக் குடியிருக்கவே இது போதும் என்றது கம்பனி. பக்கத்தில் காடும் ஓடையும் இருக்கும்போது இது போதாது என்றார்கள் போராடியவர்கள். எண் ஒன்றுதான். 'யார் இங்கே இருக்கப் போகிறார், தண்ணி எங்கே போகிறது' என்ற கேள்விக்கு ரெண்டு பக்கமும் வேறு வேறு பதில் வைத்திருந்தார்கள். முன்னாள் தொழிலாளர்கள் 591 பேருடன் கம்பனி உடன்பாட்டுக்கு வர 2016 ஆனது.

உண்மையிலேயே பார்க் ஆன இடமும் இருக்கு. சியாட்டில் நகரில் நிலக்கரியிலும் எண்ணெயிலும் எரிவாயு செய்த ஆலை 1956இல் நின்றது. நிலத்தோற்ற வடிவமைப்பாளர் ரிச்சர்ட் ஹாக் பழைய இயந்திரங்களை அப்படியே நிற்க விட்டு அமைத்த பூங்கா 1975இல் திறந்தது. ஒன்பது வருஷம் கழித்து, 1984இல், மண்ணில் நஞ்சு இருப்பது தெரிந்து கொஞ்ச காலம் மூடினார்கள். மேலே புது மண் போட்டுத்தான் மறுபடி திறந்தார்கள். புல் பச்சையாக வளர்ந்துவிட்டால் கீழே சுத்தம் என்று அர்த்தமில்லை.

இப்போ நோர்வூட்டுக்கு வருவோம். தேயிலை ஸ்டோர் பாதரச ஆலை இல்லை, உண்மைதான். ஆனால் பழைய ஸ்டோரைச் சுற்றி டீசல் தாங்கி இருந்திருக்கும், அஸ்பெஸ்டஸ் கூரை இருந்திருக்கும், மருந்து வைத்த, கலக்கிய இடம் இருந்திருக்கும். 1946இல் கொப்புள நோய் இலங்கைக்கு வந்ததிலிருந்து தேயிலைக்குச் செம்பு மருந்து அடித்தார்கள். 1950களில் டீல்ட்ரினும் அடித்தார்கள். செம்பு உலோகம், மண்ணை விட்டு லேசில் போகாது. டீல்ட்ரின் பல வருஷம் தங்குகிற நஞ்சு. நம்ம நிலமோ முழுக்கச் சரிவு. மேலே கழுவினது கீழே காசல்ரீ வரைக்கும் போகும்.

தோட்டங்கள் 1972இலும் 1975இலும் அரசு கைக்கு வந்தன. 1992இல் கம்பனிகளின் நிர்வாகத்துக்குப் போயின. நிர்வாகம் இத்தனை தடவை கை மாறியும் லயத்துச் சனம் மாறவில்லை. மருந்து டின்னைக் கழுவின பீலி எது, உடைந்த டின்னைப் புதைத்த மூலை எது என்று கேட்டால், துரை பங்களாப் புத்தகத்தில் இல்லாத பதில் ஓய்வு பெற்ற ஒரு தாத்தாவிடம் கிடைக்கும். அது வெறும் ஞாபகம் இல்லை, நிலத்துக்கான சாட்சியம். அவர்களுக்கு வயது போகிறது.

லயத்துப் பிள்ளைகளுக்கு விளையாட இடம் வேண்டும், அதில் ரெண்டாம் பேச்சே இல்லை. அதனால்தான் பெகோ மெஷின் வரும் முன்னே ஒரு கொப்பியும் பேனாவும் போக வேண்டும். பழைய ஸ்டோரின் படத்தைக் கையால் கீறி, ஒவ்வொரு மூலைக்கும் அங்கே வேலை செய்தவரின் சொல்லை எழுதி வைப்போம். மண் மாதிரி எங்கே எடுக்க வேண்டும் என்று நிபுணர் கேட்கும் நாளில், கொடுப்பதற்கு நம்மிடம் ஒரு காகிதமாவது இருக்கட்டும்.