நான்கு மாட்டு வண்டியும் ஒரு கேமராவும்

புதிதாக டிஜிட்டல் கேமரா வாங்கும் நண்பர்கள் எல்லாரும் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "நல்ல படம் எடுக்க எத்தனை மெகாபிக்சல் வேணும்?" மெகாபிக்சலே இல்லாத காலத்து ஆள் ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். கேமராவோடு வரும் புத்தகத்தை விட இவர் கதையில் டிப்ஸ் அதிகம் :-)

பெயர் லின்னேயஸ் ட்ரைப். கிழக்கிந்தியக் கம்பெனியின் மெட்ராஸ் படையில் கேப்டன். 1856ல் மெட்ராஸ் மாகாண அரசு இவரைத் தன் போட்டோகிராபராக நியமித்தது. பழைய கோயில்களும் கட்டடங்களும் சிதையும் முன் படமாக்கி வைப்பதுதான் முக்கிய வேலை. 1857 டிசம்பரில் நான்கு மாட்டு வண்டிகளில் சாமான்களை ஏற்றிக்கொண்டு பெங்களூரிலிருந்து கிளம்பினார். ராயக்கோட்டை, ஸ்ரீரங்கம், திருச்சி, புதுக்கோட்டை, மதுரை, தஞ்சாவூர் எல்லாம் சுற்றி மெட்ராஸ் போய்ச் சேர நாலரை மாதம்!

நான்கு வண்டி எதற்கு? பிரிண்ட் எவ்வளவு பெரிதோ நெகட்டிவும் அவ்வளவு பெரிது. அதற்கேற்ற பெட்டி கேமரா, ரசாயனங்கள், ஸ்டாண்டு. நெகட்டிவ் பெரும்பாலும் மெழுகு ஏற்றிய காகிதம்தான். அதில் வெளிச்சம் பதிய நிமிடக் கணக்கில் ஆகும். நடுவில் கேமரா லேசாக அசைந்தாலும் தாள் வீண். நமக்கும் இதே கதைதான். இருட்ட ஆரம்பித்ததும் கேமரா ஷட்டரை அதிக நேரம் திறந்து வைக்கும். படம் கலங்குவது கை நடுக்கத்தால், மெகாபிக்சலால் அல்ல. ஸ்டாண்டு இல்லாவிட்டால் சுவர் மேலோ பைக் சீட் மேலோ வைத்து டைமரைப் போடுங்கள்.

அந்தக் காகிதத்துக்கு இன்னொரு கோளாறு: நீல நிறம் அளவுக்கு மீறிப் பதியும். கோபுரம் சரியாக விழுந்தால் வானம் வெளிறிவிடும். ட்ரைப் என்ன செய்தார் தெரியுமா? நெகட்டிவிலேயே பிரஷ்ஷால் மேகம் வரைந்தார். போட்டோஷாப்புக்குக் கொள்ளுத்தாத்தா! டிஜிட்டலில் காரணம் வேறு, ஆனால் வானம் வெளிறுவது மாறவில்லை. நிழலில் நிற்கும் முகமும் உச்சி வெயில் வானமும் ஒரே படத்தில் அடங்காது. எக்ஸ்போஷரை ஒரு படி குறையுங்கள், அல்லது சூரியன் உங்கள் முதுகுப் பக்கம் இருக்கும்படி நில்லுங்கள். (பனியன் சாம்பிளைப் படம் எடுத்து பையருக்கு அனுப்பும் நண்பர்களுக்கு: ட்யூப்லைட்டில் எடுத்தால் ஷேடு மாறும். ஜன்னல் பக்கம் வாருங்கள்.)

எனக்கு ரொம்பப் பிடித்தது தஞ்சாவூர் வேலை. பெரிய கோயில் விமானத்தின் அடித்தளத்தில் ராஜராஜன் காலக் கல்வெட்டுகள் வரிசையாக ஓடுகின்றன. ஒரே படத்தில் அடங்காது. 1858ல் ட்ரைப் சுவரை ஒட்டிக் கேமராவைத் தள்ளித் தள்ளி வைத்து எடுத்தார். 21 படங்களை ஒட்டியபோது கிட்டத்தட்ட 19 அடி நீளம் வந்தது. நின்ற இடத்திலேயே கேமராவைத் திருப்பியிருந்தால் ஓரத்து எழுத்தெல்லாம் சாய்ந்து சுருங்கியிருக்கும். இந்தக் கல்வெட்டுகளை அரசு வாசித்து அச்சில் கொண்டுவர ஆரம்பித்தது 1891ல்தான்.

இவ்வளவு செய்தவருக்குக் கிடைத்தது? 1859ல் மெட்ராஸ் கவர்னராக வந்த சார்லஸ் ட்ரெவெல்யன், 1857 கலகத்துக்குப் பிந்தைய பண நெருக்கடியில் இது வீண் ஆடம்பரம் என்று வேலையையே நிறுத்தினார். ட்ரைப் படைக்குத் திரும்பினார். அதன் பிறகு பெரிதாக எதுவும் எடுக்கவில்லை. காமர்ஸ் படிக்கிறவன் என்பதால் செலவைக் குறைத்த கவர்னரை முழுசாகத் திட்ட மனம் வரவில்லை. ஆனால் கல்லின் தேய்மானத்தை அவர் எந்தக் கணக்கில் எழுதினார் என்றுதான் கேட்கத் தோன்றுகிறது.

நமக்கு ஒரு படத்துக்கு ஆகும் செலவு ஏறக்குறைய பூஜ்யம். பக்கத்திலேயே அவிநாசி கோயிலிலும் கல்வெட்டுகள் இருக்கின்றன. அனுமதி கேட்டுக்கொண்டு, வெயில் பக்கவாட்டில் விழும் காலை நேரத்தில் போங்கள். ஃபிளாஷை அணைத்துவிடுங்கள், நேராக அடிக்கும் வெளிச்சத்தில் எழுத்தின் பள்ளம் தெரியாது. சுவரிலிருந்து ஒரே தூரத்தில் நடந்து, ஒவ்வொரு படமும் முந்தைய படத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தொடும்படி எடுங்கள். ஒட்டும் வேலையை சாஃப்ட்வேர் பார்த்துக்கொள்ளும்.