விரும்பி ஆடும் விளையாட்டு வகை ஒருவரைப் பற்றிக் கூறுவது என்ன?
நோயாளிகளுக்கும் பராமரிப்பாளர்களுக்குமான விளக்கம்

கைப்பேசியிலும் கணினியிலும் ஆடப்படும் வீடியோ விளையாட்டுகள் பல வகைப்படும். சுடும் விளையாட்டு, வண்டி ஓட்டும் விளையாட்டு, புதிர், போர்த்தந்திரம், கதைமாந்தராக மாறி ஆடுவது, ஊரையும் வீட்டையும் கட்டி எழுப்புவது, சீட்டாட்டம் எனப் பட்டியல் நீளும். ஒருவர் எந்த வகையை விரும்புகிறார் என்பதைக் கொண்டு அவருடைய குணத்தை அறிய இயலுமா என்பது, ஓமந்தூர், திண்டிவனம் வட்டாரத்திலிருந்து மனநல ஆலோசனை பெற வரும் குடும்பத்தினர் அடிக்கடி எழுப்பும் வினா. பெரும்பாலும் அவ்வினாவின் பின்னே ஓர் அச்சம் இருக்கும். எந்நேரமும் துப்பாக்கி விளையாட்டிலேயே இருக்கும் மகன் நாளை யாரையேனும் தாக்கிவிடுவானோ என்பதே அந்த அச்சம்.

சுருக்கமான விடை இது: விளையாட்டு வகை, ஒருவர் அந்த நேரத்தில் எதைத் தேடுகிறார் என்பதை ஓரளவு காட்டும். அவர் நல்லவரா தீயவரா என்பதைக் காட்டாது. அவருக்கு நோய் உள்ளதா என்பதையும் அது மட்டுமே காட்டாது. நோயை அறிவதற்கான அறிகுறிகள் வேறு. அவை கீழே விளக்கப்பட்டுள்ளன.

நாம் அறிந்த ஆட்டங்களும் இந்த வகைகளும்

பிரெஞ்சு அறிஞர் ரோஜே கையுவா 1958ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில், மனிதர் ஆடும் ஆட்டங்கள் அனைத்தையும் நான்கு கூறுகளாகப் பிரித்தார். போட்டி, வாய்ப்பு, வேடம், தலைசுற்றல் என்பன அவை. நம் பகுதி ஆட்டங்கள் இதற்குள் எளிதாக அடங்கிவிடுகின்றன. கபடியும் ஆடுபுலி ஆட்டமும் போட்டி. பரமபதம் முழுக்க வாய்ப்பு. தாயம், வாய்ப்பும் திறனும் கலந்தது. சிறுவர்கள் கொட்டாங்குச்சியில் மண்சோறு ஆக்குவது வேடம். தெருக்கூத்தைப் பார்த்த மறுநாள் துண்டைக் கட்டிக்கொண்டு துரியோதனனாக ஆடுவதும் அவ்வகையே. ஊஞ்சலும் திருவிழா ராட்டினமும் தலைசுற்றலைச் சேர்ந்தவை. கைப்பேசி விளையாட்டுகள் இவற்றையே திரைக்குள் கொண்டு வந்துள்ளன. பப்ஜி, ஃப்ரீ ஃபயர் போன்றவை போட்டி. மைன்கிராஃப்ட் போன்றவற்றில் வேடமும் கட்டி எழுப்பும் இன்பமும் உண்டு. வண்டிப் பந்தயங்களில் தலைசுற்றல் மிகுதி.

ஆடுபுலி ஆட்டத்தில் மூன்று புலிகளும் பதினைந்து ஆடுகளும் உண்டு. புலிகளை வைத்து ஆடுபவர் கொடியவர் என்றோ, ஆடுகளை வைத்து ஆடுபவர் சாதுவானவர் என்றோ நாம் ஒருபோதும் எண்ணியதில்லை. அடுத்த ஆட்டத்தில் இருவரும் இடம் மாறிக்கொள்வர். திண்ணையில் நாம் பழகிய இந்தத் தெளிவு, திரை வந்தவுடன் நம்மைவிட்டுப் போய்விட்டது.

ஆய்வுகள் கண்டறிந்தவை

இங்கிலாந்தின் ரிச்சர்ட் பார்ட்டில், பலர் கூடி ஆடும் தொடக்கக்கால கணினி விளையாட்டுகளைக் கவனித்து, 1996இல் ஆட்டக்காரர்களை நான்கு விதமாகப் பிரித்தார். இலக்குகளை எட்ட விரும்புவோர், புதிய இடங்களைத் தேடித் திரிவோர், பிறரோடு பழக வருவோர், பிறரை வீழ்த்த வருவோர் என்பது அப்பிரிவு. பின்னர் நிக் யீ 2006ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், ஏராளமான ஆட்டக்காரர்களிடம் வினாக்கள் கேட்டு, சாதனை, உறவு, கற்பனை உலகில் மூழ்குதல் ஆகிய மூன்றும் முதன்மையான தூண்டுதல்கள் எனக் கண்டார். ஒரே மனிதரிடம் இம்மூன்றும் வெவ்வேறு அளவில் கலந்திருக்கும். ஒரு முத்திரையில் எவரையும் அடக்க இயலாது.

அதே 2006இல் உளவியலாளர் ரிச்சர்ட் ரயனும் உடன் ஆய்வாளர்களும் வேறொரு கோணத்தில் நோக்கினர். தன் விருப்பப்படி செயல்படும் உரிமை, ஒன்றைத் திறம்படச் செய்யும் நிறைவு, பிறரோடு இணைந்திருக்கும் உணர்வு ஆகிய மூன்று மனத்தேவைகளை விளையாட்டு நிறைவு செய்யும்போது ஈர்ப்பு உண்டாகிறது என்பது அவர்கள் முடிவு. மருத்துவ நோக்கில் இதுவே மிகவும் பயன் தருவது என்பது எனது கருத்து. ஏனெனில் இது, ‘இவன் எப்படிப்பட்டவன்?’ என்ற வினாவை விடுத்து, ‘இவனுக்கு வாழ்வில் எது கிடைக்கவில்லை?’ என்று கேட்க வைக்கிறது.

ஐம்பெரும் ஆளுமைப் பண்புகளுக்கும் விளையாட்டு வகைகளுக்கும் தொடர்பு தேடிய ஆய்வுகளும் உள்ளன. அவற்றில் காணப்படும் தொடர்புகள் பொதுவாகச் சிறியவை. இணையத்தில் உலவும் ‘நீங்கள் ஆடும் விளையாட்டு உங்கள் குணத்தைச் சொல்லும்’ என்ற வகைச் சோதனைகள் பொழுதுபோக்கிற்கு மட்டுமே உரியவை. வயது கூடக்கூடப் போட்டி விருப்பம் குறைவதாகத் தெரிகிறது. பதினாறு வயதில் சுடும் விளையாட்டை விரும்புவது அவ்வயதின் இயல்பாகவே பெரும்பாலும் இருக்கும்.

சுடும் விளையாட்டு ஒருவரை வன்முறையாளராக்குமா?

ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஆண்ட்ரூ ஷிபில்ஸ்கியும் நெட்டா வெய்ன்ஸ்டைனும் 2019இல் வெளியிட்ட ஆய்வில், 14, 15 வயதுடைய ஏறத்தாழ ஆயிரம் பிரித்தானிய இளையோரின் விளையாட்டுப் பழக்கமும், அவர்தம் நடத்தை குறித்துப் பெற்றோர் அளித்த மதிப்பீடும் ஒப்பிடப்பட்டன. வன்முறை விளையாட்டை ஆடுவதற்கும் ஆக்ரோஷமான நடத்தைக்கும் தொடர்பு காணப்படவில்லை. அமெரிக்க உளவியல் சங்கமும் 2020இல், வன்முறைக் குற்றங்களுக்கு விளையாட்டுகளைக் காரணமாகக் காட்டப் போதிய சான்று இல்லை என அறிவித்தது. கோபம், கத்துதல் போன்ற சிறு விளைவுகள் உண்டு என்றே அச்சங்கம் கருதுகிறது. அதனைக் கடும் வன்முறையோடு குழப்புதல் கூடாது.

தோற்றவுடன் பிள்ளை கத்துவதும் தலையணையை எறிவதும் பெற்றோரை அச்சுறுத்துவது இயல்பு. பரபரப்பான ஆட்டத்தில் இதயத்துடிப்பு கூடியிருக்கும்போது எழும் இக்கோபம், பெரும்பாலும் சிறிது நேரத்தில் தணியும். ஆட்டம் இல்லாத நேரத்திலும் பிள்ளை பிறரை அடித்தால், விலங்குகளைத் துன்புறுத்தினால், பொருள்களை உடைத்தால், அது தனியே மதிப்பிடப்பட வேண்டியது. அப்போதும் விளையாட்டைக் குற்றம் சாட்டி நின்றுவிட்டால், வீட்டில் நிகழும் அடிதடியோ, பள்ளியில் படும் கேலியோ, போதைப்பொருள் பழக்கமோ கண்ணில் படாமல் போகும்.

ஒரே விளையாட்டு, இரு வேறு காரணங்கள்

இரண்டு மாணவர்களைக் கற்பனை செய்து கொள்ளுங்கள். இருவரும் ஆடுவது ஒரே சுடும் விளையாட்டு. ஒருவன் மாலையில் வகுப்புத் தோழர் மூவரைச் சேர்த்துக்கொண்டு ஒரு மணி நேரம் ஆடுகிறான். அம்மா அழைத்தால் முணுமுணுத்துக்கொண்டே எழுந்து வருகிறான். மற்றவன் பன்னிரண்டாம் வகுப்பில் தேர்ச்சி பெறாதவன். ஊரில் எவரைப் பார்த்தாலும் அடுத்து என்ன செய்யப் போகிறாய் என்று கேட்கின்றனர். பகலில் உறங்கி, இரவு மூன்று மணி வரை முகமறியாதவர்களோடு ஆடுகிறான். அங்கே அவனுடைய மதிப்பெண்ணை எவரும் கேட்பதில்லை. அங்கே அவன் ஓர் அணியின் தலைவன்.

இருவரின் விளையாட்டு வகையும் ஒன்றே. உதவி தேவைப்படுவது இரண்டாமவனுக்கு. துன்பத்திலிருந்து தப்பித்துக்கொள்வதற்காக ஆடுவது, விளையாட்டு நோயாக மாறுவதோடு நெருங்கிய தொடர்புடையது எனப் பல ஆய்வுகள் மீண்டும் மீண்டும் காட்டியுள்ளன. மனச்சோர்வு, பதற்றம், கவனக்குறைவு மற்றும் மிகையியக்கக் குறைபாடு ஆகியவை உடையோரிடமும் இச்சிக்கல் கூடுதலாகக் காணப்படுகிறது. இவற்றுள் எது முதலில் வந்தது என்பதை மருத்துவர் பேசியே அறிய வேண்டும்.

ஆகவே பராமரிப்பாளர் செய்யத்தக்க முதற்செயல், அருகில் அமர்ந்து அந்த விளையாட்டைக் கற்றுத் தருமாறு கேட்பது. யாரோடு ஆடுகிறாய், உன் அணியில் உனக்கு என்ன பொறுப்பு, எப்போது ஆட வேண்டும் என்று மிகவும் தோன்றுகிறது, ஆடாதபோது மனம் எப்படி உள்ளது என்று கேளுங்கள். அரை மணி நேரத்தில் பிள்ளை கூறுவது, ஒரு மாதம் ஒளிந்து கண்காணித்தாலும் கிடைக்காது. வயலுக்குச் செல்லும் பெற்றோருக்கு அந்த அரை மணி நேரம் எளிதன்று என்பதையும் அறிவோம். வாரத்தில் ஒரு நாள் போதும்.

வகையைக் கட்டாயம் கவனிக்க வேண்டிய இடங்கள்

குணத்தை அறிய விளையாட்டு வகை உதவாவிட்டாலும், இடரை அறிய உதவும். புதிர் விளையாட்டில் ஒரு கட்டம் முடிந்தால் கைப்பேசியைக் கீழே வைக்கலாம். பலர் கூடி ஆடும் இணைய விளையாட்டுகளுக்கு முடிவே இல்லை. நடுவில் விலகினால் அணி தோற்கும், தோழர்கள் ஏசுவர். இதனால் நிறுத்துவது கடினமாகிறது. கட்டுப்பாடற்ற விளையாட்டுப் பழக்கம் இவ்வகை ஆட்டங்களோடு கூடுதலாகத் தொடர்புபடுத்தப்படுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

அடுத்தது, உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியாமலேயே பணம் கொடுத்துத் திறக்கும் பரிசுப் பெட்டிகள். வெளித்தோற்றம் போர் விளையாட்டாக இருப்பினும் இதன் இயக்கம் சூதாட்டத்தினுடையது. 2018இல் வெளியான ஓர் ஆய்வில், இப்பெட்டிகளுக்குக் கூடுதலாகச் செலவிடுவோரிடம் சூதாட்டச் சிக்கலும் கூடுதலாகக் காணப்பட்டது.

மூன்றாவதும் மிகக் கொடியதும், பணம் கட்டி ஆடும் சீட்டாட்டம். இதில் சிக்குவோர் பெரும்பாலும் சிறுவர் அல்லர்; சம்பாதிக்கும் வயதினர். விட்ட பணத்தைப் பிடிக்க மீண்டும் ஆடுவதே இதன் பொறி. இணைய ரம்மியில் பணம் இழந்தோர் தற்கொலை செய்துகொண்ட நிகழ்வுகளை அடுத்து, தமிழ்நாடு அரசு ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் 2022இல் குழு அமைத்தது. இணையவழிச் சூதாட்டத் தடை மற்றும் விளையாட்டுகள் ஒழுங்குமுறைச் சட்டம் 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. பணம் வைத்து ஆடும் விளையாட்டுகளுக்கு 18 வயது வரம்பும், நள்ளிரவு 12 மணி முதல் காலை 5 மணி வரை தடையும் 2025 பிப்ரவரியில் விதிக்கப்பட்டன. அதே ஆண்டு ஆகஸ்டில், பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடை செய்யும் சட்டத்தை நாடாளுமன்றமும் நிறைவேற்றியது. சட்டம் இருப்பினும், முறைகேடான செயலிகள் வேறு வழியில் வரக்கூடும். காரணம் கூறாமல் கடன் வாங்குதல், நகை அடகு வைத்தல், கடன் செயலிகளிலிருந்து அழைப்புகள் வருதல், இரவில் தனியே உலவுதல் ஆகியவற்றைக் கண்டால் காலம் தாழ்த்த வேண்டாம். ‘நான் இல்லாவிட்டால் எல்லாம் சரியாகிவிடும்’ என்பது போன்ற சொற்களை மிரட்டல் என்று தள்ளிவிடாதீர்கள். அவரைத் தனியே விடாமல் உடனே உதவி பெறுங்கள். பூச்சிக்கொல்லி மருந்துகளைப் பூட்டி வையுங்கள்.

எப்போது இது நோயாகும்?

உலகச் சுகாதார நிறுவனத்தின் பன்னாட்டு நோய் வகைப்பாட்டுப் பதினோராம் பதிப்பு 2022 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ளது. அதில் ‘விளையாட்டுக் குறைபாடு’ இடம்பெற்றுள்ளது. விளையாட்டின் மீது கட்டுப்பாட்டை இழத்தல், பிற கடமைகளையும் விருப்பங்களையும் பின்தள்ளி விளையாட்டுக்கு முதலிடம் தருதல், தீங்கு நேர்ந்த பின்னரும் தொடர்தல் ஆகிய மூன்றும் இருக்க வேண்டும். படிப்பு, வேலை, உறவு ஆகியவற்றில் கணிசமான பாதிப்பு ஏற்பட்டிருக்க வேண்டும். பொதுவாக 12 மாதங்கள் இந்நிலை நீடித்திருக்க வேண்டும். பாதிப்பு கடுமையாக இருப்பின் அதற்கு முன்னரே நோய் என உறுதி செய்யலாம். விளையாட்டின் வகையோ, ஆடும் மணிநேரமோ இவ்வரையறையில் இல்லை.

வீட்டிலும் மருத்துவமனையிலும்

கைப்பேசியைப் பிடுங்கி உடைப்பது பலர் கையாளும் வழி. அதனைத் தவிர்க்க வேண்டும். திடீரெனப் பறிக்கும்போது எரிச்சலும் பதற்றமும் மிகுந்து, சிலர் தம்மைத் தாமே துன்புறுத்திக்கொள்ளவும் கூடும். ஆட்டம் முடியும் நேரத்தை முன்பே பேசி முடிவு செய்யுங்கள். நடு ஆட்டத்தில் நிறுத்தச் சொல்லாமல், இன்னும் ஓர் ஆட்டம் என எல்லை வகுங்கள். இரவில் கைப்பேசி கூடத்தில் இருக்கட்டும். அப்பாவுடையதும் அங்கேயே இருக்கட்டும். உறக்கம் சீரானாலே பாதிச் சிக்கல் தணிவதைப் பல குடும்பங்களில் கண்டுள்ளேன். பணப் பரிமாற்றச் செயலியின் கடவு எண்ணைப் பிள்ளைகளிடம் கூறாதீர்கள்.

விளையாட்டுக் குறைபாட்டிற்கெனத் தனி மருந்து இல்லை. எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றும் உளவியல் சிகிச்சையும் குடும்ப ஆலோசனையும் முதன்மையானவை. உடன் மனச்சோர்வு போன்றவை இருப்பின் அவற்றிற்கு மருந்து தரப்படும். பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனத்தில் இதற்கெனத் தனிப் பிரிவு 2014 முதல் இயங்குகிறது. இம்மாவட்டத்தினர் முண்டியம்பாக்கத்திலுள்ள விழுப்புரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையை அணுகலாம். அருகிலுள்ள அரசு மருத்துவமனையில் கேட்டால், மாவட்ட மனநலத் திட்ட மருத்துவர் வரும் நாளைத் தெரிவிப்பர்.

தொலைபேசி வழி மனநல ஆலோசனைக்கு 14416, மருத்துவ உதவித் தகவலுக்கு 104, குழந்தைகள் உதவிக்கு 1098, இணையப் பண மோசடிப் புகாருக்கு 1930 ஆகிய எண்களை அழைக்கலாம்.

நோயாளியின் தகவல்களை இரகசியமாகக் காக்கும் உரிமையை 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் வழங்குகிறது. ஆகவே எவ்வளவு பணம் போயிற்று என்பதையும் மருத்துவரிடம் மறைக்க வேண்டியதில்லை. முதல் முறை வரும்போது கைப்பேசியையும் கொண்டு வாருங்கள். அதன் அமைப்புகளில் உள்ள திரைநேரப் பதிவு, எந்தச் செயலி எந்த நாளில் எவ்வளவு நேரம் பயன்படுத்தப்பட்டது என்பதைக் காட்டும். பள்ளி வருகைப் பதிவோ மதிப்பெண் அட்டையோ இருப்பின் அதனையும் எடுத்து வரலாம். விளையாடுபவரிடம் சொல்லாமல் ஏமாற்றி அழைத்து வருதல் கூடாது. அவர் வர மறுத்தால், பெற்றோர் மட்டும் முதலில் வந்து பேசலாம்.